பாவூர்சத்திரத்து மணற்குழி

குற்றாலத்துக்குப் போகும் ஜனங்களுக்குப் பாவூர்சத்திரம் ஓர் ஊரல்ல. பஸ்ஸின் ஜன்னல் வழியே தெரிந்து மறையும் ஒரு பெயர்ப்பலகை. திருநெல்வேலியை விட்டுப் புறப்பட்ட வண்டி ஆலங்குளத்தைத் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் மேகத்தோடு மேகமாகத் தலைகாட்ட ஆரம்பிக்கிறது. மலையைக் கண்ட மனிதர்களுக்கு நடுவழியில் இருக்கும் ஊர்களிடம் மரியாதை இருப்பதில்லை. "அருவியில் தண்ணீர் விழுகிறதா? ஐந்தருவியில் கூட்டம் எப்படி?" என்பதைத் தவிர வண்டிக்குள் வேறு பேச்சுக் கிடையாது. இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் தென்காசி, அதற்கடுத்தாற்போல் குற்றாலம். நடுவில் எதற்காக இறங்குவது?

பெயரிலே சத்திரம் இருக்கிறதே, அதற்காகவே இறங்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வழிப்போக்கர்களை உட்கார வைத்து உபசரித்த காலத்தின் ஞாபகத்தை நம் நாட்டில் எத்தனையோ ஊர்கள் பெயராகச் சுமந்துகொண்டிருக்கின்றன. பாவூர் என்ற பெயரைக் கீழப்பாவூர், மேலப்பாவூர் என்று இரண்டு கிராமங்கள் பங்கு போட்டுக்கொண்டன. சாலையோரத்துச் சத்திரமோ இரண்டையும் மிஞ்சிய சந்தடியுள்ள ஊராகிவிட்டது. இப்போது இங்கே யாரும் இலவசமாகச் சோறு போடுவதில்லை. ஆனால் அயலூரான் என்று கண்டுகொண்டால் வழி சொல்வதற்கு மூன்று பேர் கூடிவிடுகிறார்கள். மூன்று பேரும் மூன்று வழி சொல்கிறார்கள். சத்திரத்துத் தர்மம் முழுதும் அழிந்துவிடவில்லை என்று இதனால் தெரிகிறது.

ரயிலில் வருவதாயிருந்தால் வேறு வழி. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையோடு வளைந்து, பாரதியார் சில காலம் வாழ்ந்த கடையத்தின் பக்கமாக வந்து, பாவூர்சத்திரத்தைத் தொட்டுத் தென்காசிக்குப் போகிறது ரயில். மீட்டர் பாதையாக நெடுங்காலம் உழைத்த இந்தத் தடம் 2012-ஆம் ஆண்டில் அகலப் பாதையாயிற்று. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவானபோது பாவூர்சத்திரமும் நெல்லைச் சீமையை விட்டுப் புது ஜில்லாவுக்குக் குடிபோயிற்று. குடிபோனாலும் பேச்சு மட்டும் நெல்லைப் பேச்சுத்தான்.

நாம் சென்றது ஜூலை மாதத்தில். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப்புறம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப்புறம் ஈரக்காற்றாக வருகிறது. குற்றாலத்தில் அதற்குச் சாரல் என்று பெயர். பாவூர்சத்திரம் வரையில் வருவதற்குள் சாரல் பாதி வறண்டுவிடுகிறது. சில சமயம் நாலு துளி முகத்தில் விழும், பிறகு வெயில் அடிக்கும். ஆனால் காற்று மட்டும் நிற்பதில்லை. வயல்வெளிக்கு அப்பால் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றுகின்றன. வடக்கே சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் போனால் சூரியகாந்தித் தோட்டங்கள் மஞ்சள் விரித்திருக்கும். படம் பிடிப்பவர்கள் அங்கே போகட்டும். நாம் சந்தைக்குப் போவோம்.

முதுகுகளின் ஊர்

பாவூர்சத்திரத்தின் காய்கறிச் சந்தை பிரசித்தமானது. பெருந்தலைவர் காமராஜரின் பெயரைத் தாங்கியது. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் விளையும் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், சீனியவரை, பூசணி, தடியங்காய் யாவும் இங்கே வந்து குவிகின்றன. குவிந்தவற்றில் பெரும்பகுதி லாரியேறி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. ஓணப் பண்டிகை நெருங்கும்போது மலையாளத்து இலைகளில் பரிமாறப்போகும் அவியலும் ஓலனும் முதலில் இந்தச் சந்தையில்தான் மூடைகளாகக் கிடக்கின்றன என்று சொல்லலாம்.

சந்தையில் நாம் கண்டது காய்கறியைவிட முதுகுகளை அதிகம். மூடையை இரண்டு பேர் தூக்கிவிட, ஒருவர் குனிந்து முதுகில் வாங்கிக்கொள்கிறார். வாங்கியதும் ஒரு சின்ன ஓட்டம். லாரியின் பலகைமேல் ஏறி, தோளை ஒரு சாய்ப்புச் சாய்த்தால் மூடை தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முதுகைக் கொண்டு செய்யும் வேலையில் எத்தனை கணக்கு இருக்கிறது என்பதை அங்கே நின்று பார்த்தால் தெரியும். தெருக்களுக்குள் நுழைந்தாலோ திண்ணைதோறும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இலையை வெட்டி, தூளை இட்டு, சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி, பொழுது சாயும் வரையில் குனிந்த தலை நிமிராத வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் முதுகுதான் இந்த ஊரில் முதல் மூலதனம். நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

பதினாறு கைகள்

சாலையை விட்டுச் சற்று உள்ளே கீழப்பாவூர் இருக்கிறது. பெரிய குளம், வயல், தென்னை. அங்கே பதினாறு கைகளுடன் அமர்ந்திருக்கும் நரசிம்மரின் சந்நிதி பெயர் பெற்றது. இரணியனைத் தொடையில் கிடத்தியிருக்கும் கோலம்.

இரணியன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மனிதனாலும் சாகக்கூடாது, மிருகத்தாலும் சாகக்கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று சந்துபொந்து இல்லாமல் வரம் வாங்கியவன். பகவான் வரத்தை மீறவில்லை. அந்திப்பொழுதில், வாசற்படியில், மனிதனும் அல்லாத மிருகமும் அல்லாத உருவில் வந்து காரியத்தை முடித்தார். சட்டத்தை முறிக்காமல், சட்டம் சொல்லாமல் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது தெய்வத்துக்கே உரிய சாமர்த்தியம் என்று அந்தச் சந்நிதியில் நின்று எண்ணினோம். அன்று மாலையே, அதே சாமர்த்தியத்தை ஒரு மனிதர் செய்ததைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நமக்கு எடுத்துச் சொன்னார்கள்.

மைதானத்தில்

பள்ளிக்கூட வாத்தியாருக்கு எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஊருக்கு வெளியே ஒரு பள்ளியின் மைதானத்தில் சில பிள்ளைகள் உயரம் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூங்கில் கழிகள். ஆணி அடித்து அடையாளம் வைத்திருந்தது. குறுக்கே ஒரு கயிறு. அந்தப்புறம் மணற்குழி. உடற்பயிற்சி ஆசிரியர் மண்வெட்டியால் மணலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து, ஒரு காலை வீசி, அடுத்த காலையும் கத்தரிபோல வீசி, கயிற்றுக்கு அந்தப்புறம் இரு கால்களாலும் மணலில் நின்றாள். கயிறு ஆடவேயில்லை.

"நல்லாத் தாண்டுறியே, அம்மா!" என்றோம்.

"இது பழைய தாண்டல் சார். மல்லாக்கத் தாண்டுனா இன்னும் ஒரு சாண் கூடத் தாண்டலாம். சார்தான் விடமாட்டேங்காங்க" என்று ஆசிரியரைக் காட்டினாள்.

"மண்ணுல மல்லாக்க விழுந்தா கழுத்து என்னத்துக்கு ஆகும்?" என்றார் ஆசிரியர். பெண் பதில் பேசவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த பையன் தன் அண்ணனின் கைபேசியில் பார்த்த ஒருவரைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினான். "முதுகு காட்டிக்கிட்டே தாண்டுனாரு சார். எல்லாரும் சிரிச்சாங்களாம். பொறவு எல்லாரும் அவரு மாதிரியே தாண்டுனாங்களாம்."

பையன் சொன்னது உண்மை. அதை நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்வது நம் கடமை.

தாண்டியவர் கதை

உயரம் தாண்டும் பந்தயத்துக்குச் சட்டம் மிகச் சுருக்கமானது. ஒற்றைக் காலால் தரையை உதைத்து எழும்பவேண்டும், கம்பியைத் தள்ளிவிடக்கூடாது, தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஆட்டத்திலிருந்து விலகவேண்டும். கம்பிக்கு மேலே உடம்பு எந்தக் கோலத்தில் போகவேண்டும் என்று சட்டம் வாய்திறக்கவில்லை. ஆதியில் பாவூர்சத்திரத்துப் பெண் தாண்டியதைப் போலக் கால்களைக் கத்தரியாக வீசித் தாண்டினார்கள். 1912-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹொரைன் என்ற அமெரிக்கர் பக்கவாட்டில் உருண்டு 2 மீட்டர் உயரத்தைக் கடந்தார். பிறகு வயிற்றைக் கம்பிக்குக் காட்டிக் குப்புற உருளும் முறை வந்தது. அதுதான் முடிந்த முடிவு என்று உலகம் நினைத்தது. அந்த முறையில் ருஷியாவின் வலேரி புரூமெல் 1963-இல் 2.28 மீட்டர் தாண்டியபோது, அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றே தோன்றியிருக்கும்.

அதே 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் மெட்போர்டு என்னும் ஊரில் டிக் பாஸ்பரி என்று ஒரு பள்ளி மாணவர் இருந்தார். பதினாறு வயது, ஒட்டடைக்கம்பு போன்ற உயரம். குப்புற உருளும் முறை அவருக்கு எவ்வளவு முயன்றும் வசப்படவில்லை. பழைய கத்தரித் தாண்டலுக்கே திரும்பிவிடுகிறேன் என்று பயிற்சியாளரிடம் அனுமதி கேட்டார். ஒரு போட்டியில் கம்பி உயர உயர, இடுப்பு கம்பியில் இடிக்காமலிருக்க அதை மேலே தூக்கினார். இடுப்பு மேலே போனபோது தோள்கள் தாமாகவே பின்னால் சாய்ந்தன. தாண்டத் தாண்டச் சாய்வும் அதிகமாயிற்று. அன்று ஒரே நாளில் தம் முந்தைய உயரத்தைவிட ஆறு அங்குலம் கூடத் தாண்டிவிட்டார். புது முறை எந்த ஆராய்ச்சிசாலையிலும் பிறக்கவில்லை. பழைய முறை வராத ஒரு பையனின் சங்கடத்தில் பிறந்தது.

அடுத்த இரண்டு வருஷங்களில் சாய்வு முற்றி, தலை முதலில், முதுகு கீழே, கால்கள் கடைசியில் என்ற கோலம் அமைந்தது. ஊர்ப் பத்திரிகைகள் சிரித்தன. படகுக்குள் விழுந்து துள்ளும் மீன் என்று ஒன்று வர்ணித்தது. உலகத்திலேயே சோம்பேறியான தாண்டுவீரர் என்ற கருத்தில் இன்னொன்று படம் போட்டது. ஓரிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு அங்கிருந்த பயிற்சியாளர் பெர்னி வாக்னரும் முதலில் அவரைப் பழைய வழிக்குத் திருப்பவே பார்த்தார். பாஸ்பரி அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனையைத் தம் முறையிலேயே முறியடித்த பிறகு வாக்னர் தம் பாடத்தை நிறுத்திக்கொண்டு, மாணவரிடம் பாடம் கேட்க ஆரம்பித்தார். நல்ல ஆசிரியருக்கு இது லட்சணம் என்று, தொழில் அபிமானத்தோடு நாம் சொல்லிக்கொள்கிறோம்.

1968-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி மெக்ஸிகோ நகரத்து ஒலிம்பிக்கில் உலகம் அவரைப் பார்த்தது. இரண்டு கால்களில் இரண்டு நிறச் செருப்புகள். கைகளை மூடித் திறந்துகொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்பார். பிறகு வளைந்து ஓடிவந்து முதுகைக் காட்டிப் பறப்பார். 2.24 மீட்டர் உயரத்தை மூன்றாவது முயற்சியில் தாண்டி, ஒலிம்பிக் சாதனையோடு தங்கப் பதக்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக்கான 1972-ஆம் வருஷத்து மியூனிக்கில் கலந்துகொண்ட 40 பேரில் 28 பேர் அவருடைய முறையில் தாண்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் அங்கே தங்கம் வாங்கிய யூரி தார்மாக் பழைய குப்புற முறைக்காரர். பழைமை அவ்வளவு சுலபமாகத் தோற்றுப்போவதில்லை. ஆனாலும் இன்று உலகப் போட்டிகளில் குப்புறத் தாண்டுகிறவரைக் காண்பதற்கில்லை. 1993-இல் கியூபாவின் ஹாவியேர் சோத்தோமாயோர் 2.45 மீட்டர் தாண்டியதும் முதுகைக் காட்டித்தான்.

பாஸ்பரி உலக சாதனை எதையும் தம் பெயரில் வைத்திருந்ததில்லை. 1972-இல் அமெரிக்க அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் சிவில் எஞ்சினியராக வேலை பார்த்து, 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காலமானார். ஆனாலும் தாண்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் தம் முதுகில் அவருடைய பெயரைச் சுமந்துகொண்டே தாண்டுகிறார்கள்.

இதே சமயத்தில் கனடாவில் டெபி பிரில் என்ற சிறுமியும், அவரைப் பாராமலே, ஏறக்குறைய இதே முறையைத் தானாகக் கண்டுபிடித்தாள். 1970-இல் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தன் பதினேழாம் வயதில் அவள் தங்கம் வென்றாள். இந்தச் செய்தியை நாம் சொன்னபோது பாவூர்சத்திரத்துப் பெண்ணின் கண் விரிந்ததைப் பார்க்கவேண்டுமே! அவளுக்கு வாகை சூடிய ஆண்பிள்ளையைவிட இந்தச் சிறுமியிடம்தான் பிரியம் அதிகமாயிற்று.

வளையலின் நடு

மல்லாந்து தாண்டினால் ஏன் கூடுதலாகத் தாண்ட முடிகிறது? ஆசிரியர் தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள், நாமும் உட்கார்ந்தோம்.

முதலாவது, ஓட்டம். நேராக ஓடிவராமல், கடைசி நாலைந்து எட்டுகள் அரிவாள்போல வளைந்து ஓடுகிறார்கள். வளைவில் சைக்கிள் போகிறவன் உட்பக்கம் சாய்வதைப் போல ஓடுகிறவரின் உடம்பும் கம்பியை விட்டு விலகி உட்பக்கம் சாய்கிறது. கம்பிக்குத் தூரத்திலிருக்கும் காலால் தரையை உதைத்து எழும்போது அந்தச் சாய்வு நிமிர்கிறது. நிமிரும் வேகமே உடம்பைச் சுழற்றி, முதுகைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது, வளைவு. கத்தரித் தாண்டலில் உடம்பு ஏறக்குறைய நிமிர்ந்திருக்கிறது. ஆகையால் உடம்பின் பாரமெல்லாம் கூடும் மையம் கம்பிக்கு வெகு மேலே போனால்தான் உடம்பு தப்பும். மல்லாந்து தாண்டுகிறவரோ வில்லாக வளைகிறார். தலையும் தோளும் கம்பியைக் கடந்து அந்தப்புறம் கீழே இறங்கும்போது இடுப்பு கம்பிக்கு மேலே இருக்கிறது. கால்கள் இந்தப்புறம் கீழே தொங்குகின்றன. எல்லா உறுப்பும் ஒரே சமயத்தில் உயரத்தில் இருக்கவேண்டிய அவசியமில்லை. ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது மட்டும் மேலே இருந்தால் போதும்.

"அப்ப அந்த மையம் எங்க இருக்கும் சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஆசிரியர் அந்தப் பெண்ணின் கையிலிருந்த வளையலைக் கேட்டு வாங்கினார். "இந்த வளையலோட பாரம் எங்க கூடுது? வளையல்லயா? இல்ல, நடுவுல. நடுவுல என்ன இருக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றார்கள் பிள்ளைகள். "அதான். வளைஞ்ச உடம்போட மையம் உடம்புக்கு வெளியில வந்துரும். உடம்பு கம்பிக்கு மேல போகும், மையம் கம்பிக்குக் கீழயே கூடப் போகலாம்."

நாம் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவர்கள். புவியீர்ப்பு மையத்தைப் பற்றி இத்தனை தெளிவான பாடத்தை எந்தக் கரும்பலகையிலும் கேட்டதில்லை. கால்களில் அதே பலம், அதே எழும்பல். உடம்பின் கோலம் மாறியதால் உயரம் கூடுகிறது. இல்லாத பலத்தை யாரும் புதிதாக உண்டாக்கவில்லை. இருக்கிற பலத்தை வீணாக்காமல் செலவிட ஒரு வழி கண்டார்கள், அவ்வளவுதான்.

மணலும் மெத்தையும்

ஆனால் தாண்டல் கம்பியோடு முடிவதில்லை, விழவும் வேண்டும். கத்தரித் தாண்டலில் கால்களால் இறங்குகிறோம், மணல் போதும். மல்லாந்து தாண்டுகிறவர் தோளிலும் முதுகிலும் விழுகிறார். மணலில் அப்படி விழுவது ஆபத்து. பாஸ்பரி தம் முறையைப் பழகிய நாளில் அவர் படித்த பள்ளியில் மரச்சீவல் போட்ட குழியை எடுத்துவிட்டு மெத்தென்ற தளம் அமைத்தார்கள். அது வராதிருந்தால் அந்தப் பையனின் சாமர்த்தியம் அவன் கழுத்தோடு முடிந்திருக்கலாம். நுரைமெத்தை இல்லாமல் பாஸ்பரி இல்லை. புதுமை என்பது ஒருவர் மூளையில் மட்டும் உதிப்பதில்லை; அவர் விழுகிற இடத்தில் யாரோ ஒருவர் மெத்தை போட்டிருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தமிழரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952-இல் ஹெல்சிங்கியிலும் 1956-இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசியப் போட்டியில் 2.03 மீட்டர் தாண்டி இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை வாங்கித் தந்தார். அது பாஸ்பரிக்குப் பத்து வருஷம் முந்திய காலம். தில்லியில் வளர்ந்த தமிழர் தேஜஸ்வின் சங்கர் 2018-இல் மல்லாந்து தாண்டும் முறையில் 2.29 மீட்டர் தாண்டி இந்தியச் சாதனை செய்தார். 2022-இல் பர்மிங்ஹாமில் காமன்வெல்த் வெண்கலமும் பெற்றார். சேலம் ஜில்லாவின் பெரியவடகம்பட்டியில் பிறந்து, ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதைத் தமிழ்நாடு மறக்காது. பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். உயரம் தாண்டுவது நமக்கு அந்நியமான வித்தையல்ல என்பதற்காக இவற்றைச் சொல்கிறோம்.

அப்படியிருக்க, பாவூர்சத்திரத்துப் பெண்ணின் நிலைமை என்ன? அவளுக்குப் புது முறை தெரியும். கைபேசி அதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. வளையலின் கணக்கும் தெரியும், ஆசிரியர் சொல்லிவிட்டார். உயரமும் துள்ளலும் பிறவியிலேயே வந்தவை. மெத்தை ஒன்றுதான் வந்து சேரவில்லை. நகரத்துப் பிள்ளைகள் மெத்தையில் தினமும் நூறு தடவை மல்லாந்து விழுந்து பழகிவிட்டுப் போட்டிக்கு வருகிறார்கள். இவள் போட்டியன்றுதான் மெத்தையைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு கத்தரிபோலத் தாண்டிவிட்டு அதன்மேல் கால் பதிய நிற்பாள். உலகம் 1968-இல் விட்டுவந்த இடத்தில் இவளை நிற்க வைத்திருப்பது அவள் காலின் குறையல்ல. அறிவு மின்னல் வேகத்தில் வருகிறது. வசதி மாட்டுவண்டியில் வருகிறது. நடுவிலே பிள்ளைகளின் வயது நிற்காமல் ஓடிவிடுகிறது. ஆசிரியர் விடமாட்டேன் என்று மறுத்ததில் நியாயம் உண்டு. அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. இரண்டு நியாயங்களுக்கு நடுவில் ஒரு மெத்தையின் விலை கிடக்கிறது.

மூடைக்காரர்

இருட்டுவதற்கு முன் பெண்ணின் தகப்பனார் அவளை அழைத்துப்போக வந்தார். சந்தையில் மூடை ஏற்றும் தொழிலாளி. தலைப்பாகைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வணக்கம் சொன்னார். விஷயத்தை அவரிடம் ஆசிரியர் முன்பே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

"புள்ள ஆசப்படுதா, சார். வேண்டாம்னு சொல்ல மனசு வரல. ஆனா முதுகு போச்சுன்னா எங்கள மாதிரி ஆளுகளுக்கு என்ன இருக்கு? எங்கூட வேல பாத்தவன் ஒருத்தன் மூடையோட சரிஞ்சு விழுந்தான். இன்னைக்கும் கட்டில்லதான் கெடக்கான்" என்றார்.

நாம் பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். மெக்ஸிகோவின் கதை அவருக்கு எதற்கு? முதுகைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு நமக்குத் தெரியாது.

மறுநாள் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் அந்த மைதானத்தின் பக்கம் போனோம். மணற்குழியின்மேல் கோணிமூடைகள் அடுக்கியிருந்தன. தக்காளிப் பெட்டிகளுக்கு அடியில் போடும் வைக்கோலைச் சந்தையில் சேகரித்து, கிழிந்த சாக்குகளைத் தைத்து, தளர்ச்சியாக அடைத்து இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு தார்ப்பாய். கயிறு பெண்ணின் இடுப்புக்குக் கீழே கட்டியிருந்தது. "இது தாண்டுறதுக்கு இல்ல சார். விழப் பழகுறதுக்குத்தான். நின்ன இடத்துலருந்து மல்லாக்க விழணும், அவ்வளவுதான். ஓடிவர்றது எல்லாம் மெத்த வந்த பொறவு" என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொன்னார். மெத்தைக்கு மனு எழுதியிருப்பதாகவும் சொன்னார். நாமும் அதில் ஒரு பத்தி திருத்திக் கொடுத்தோம். வாத்தியாரால் ஆனது அவ்வளவு.

பெண் மூடைகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தகப்பனார் கையை நீட்டித் தடுத்தார். "இரு தாயி" என்று சொல்லிவிட்டு, துண்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். இத்தனை வருஷமாக எத்தனையோ ஆயிரம் மூடைகளை முதுகில் வாங்கிய அந்த மனிதர், தாமே திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அந்த மூடைகளின்மேல் மல்லாந்து விழுந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் அப்படியே கிடந்து, தோளையும் இடுப்பையும் அசைத்துப் பார்த்தார். எழுந்து, இடது ஓரத்தில் கையை வைத்து அழுத்தினார்.

"இங்கன கொஞ்சம் கட்டியா இருக்கு. இன்னும் ரெண்டு மூட போடணும்" என்று சொல்லிவிட்டு, சாக்கு எடுத்துவரச் சந்தையைப் பார்க்க நடந்தார்.